மாமா ஊசி மாற்றிய கார்ட்ரிட்ஜ்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனப் பொட்டு வைத்துவிடுவார்கள். மிக்ஸி, சைக்கிள், கேஸ் அடுப்பு, எதுவும் தப்பாது. அதனால் ஒன்பது வயதில் நான் செய்த காரியத்துக்கு என்னை மட்டும் குறை சொல்லக் கூடாது.

அப்பாவுக்கு வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை. அவருடைய ஒரே ஆடம்பரம் ரெக்கார்ட் பிளேயர். தட்டின்மேல் ஓடும் ஊசியையும் அதைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டியையும் சேர்த்துக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். சத்தத்தின் தரம் பாதி அதில்தான் இருக்கிறது. தன்னுடையதைவிட நல்லது கிடையாது என்று அப்பா யாரிடமும் சண்டைக்குப் போவார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். மலைப்பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, ஊசி ஒடிந்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா ஒரு மாதம் லென்ஸும் கையுமாக உட்கார்ந்து புது ஊசியைத் தானே பொருத்தினார். அதைக் கேள்விப்பட்டுச் சென்னையில் ஒரு பழுதுபார்க்கும் கடை அவரைக் கூப்பிட்டது. அப்பா விடவில்லை. அரசுத் தேர்வு எழுதச் சொன்னார். மாமா பந்தயம் கட்டினார்.

"ரெண்டையும் போடறேன். நீங்க செவுத்தப் பாத்து உக்காந்து கேளுங்க மாமா. என்னுது மட்டமா இருந்தா பரிச்ச எழுதறேன்."

என் மாமாவுக்கு என் அப்பா மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா குளிக்கப் போன நேரத்தில் அவருடைய கார்ட்ரிட்ஜுக்குப் பொட்டு வைத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தார். அடியில் ஊசியிலும் சந்தனம் ஈஷியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அப்பா ஒரே நாகஸ்வரத் தட்டை இரண்டிலும் கேட்டார். "மொதல்ல போட்டது தெளிவா இருக்கு. ரெண்டாவதுக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு."

இரண்டாவது மாமாவுடையது. எனக்குச் சந்தோஷம். மாமா எங்கேயும் போக மாட்டார்.

அப்பா எழுந்து வந்து அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சின்ன பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, பின்னாலிருந்து முன்னால், ஊசியை மெல்ல நீவினார்.

"தூசு ஒட்டிக்கினு இருந்தா எப்படிறா கேக்கும்? ரெண்டையும் திரும்பப் போடு. எது மொதல்லன்னு சொல்லாத."

மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒன்றில் நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஜால்ரா தனியாக நின்றது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

"இதுதான்டா. என்னுது இதுகிட்ட நிக்காது."

"நெஜமாவா மாமா?"

"போய் பஸ்ஸுக்கு டிக்கெட் போடு."

மாமா அடுத்த வாரம் போய்விட்டார். இன்று ஊசி மாற்ற வெளிநாட்டிலிருந்து அவருக்குப் பார்சல் வருகிறது.

நான் வேலை பார்க்கும் இடத்தில், தான் ஜெயித்த பிறகு எதிராளியின் ஊசியைத் துடைத்துக் கொடுக்க ஒருத்தன்கூட இல்லை. ஒன்பது வயதில் அது எனக்கு எங்கே தெரியும்? எல்லார் வீட்டு அப்பாவும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மாமாவை அனுப்பிவிட்டாரே என்ற கோபத்தில் பத்து நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.