நிற்காத நம்பர்

விழுப்புரத்தில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது வரை. கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கட்டும் என்று மச்சான் சொன்னான். திண்டிவனத்தில் அவனுக்குத் தெரிந்தவர் செய்து கொடுத்தார். கடைப் பெயர், மோட்டார் படம், என் போன் நம்பர். நான் கேட்டது அவ்வளவுதான்.

நான் கேட்காததையும் அவர் செய்திருந்தார். பக்கத்தைத் திறந்தால் படம் ஓரத்திலிருந்து நகர்ந்து வரும். பெயர் மெல்லத் தெரியும். நம்பரின் பத்து எண்ணும் கடகடவென்று ஓடிப் பிறகு நிற்கும். முதலில் எனக்கும் பிடித்தது. அதை மறைக்க மாட்டேன்.

போன மாதம் முகையூர் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பழைய வாடிக்கை. வண்டியின் பின்னால் மோட்டார் கட்டியிருந்தது.

"வேற கடை தேடிக்கினு வந்தேன். பாத்தா உங்க கடை தொறந்து இருக்குது."

"நான் எங்க போனேன்?"

"பழைய போனு கெணத்துல விழுந்துடுச்சு, உங்க நம்பரும் போச்சு. குரூப்புல வந்த நம்பருக்குப் போட்டா ஒரு பொம்பள திட்டுது. மறுவாட்டி அவ புருஷன். ஒரே பேஜாரு. சரி, கடைய மூடிட்டாருன்னு நெனைச்சுக்கினேன்."

போனை நீட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் வெப்சைட்டுக்குப் போக மாட்டார்கள். ஒருத்தர் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். ஊரே அதை வைத்துக்கொள்ளும். இதை எடுத்தவர் நம்பர் ஓடும்போதே எடுத்துவிட்டார். பத்து எண் இருந்தது. கடைசி நாலு என்னுடையது இல்லை.

மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், விழுது மண்ணுக்குள் இறங்கும் நேரம். மோட்டார் எரிந்து ஆறு நாள் தண்ணீர் இல்லை. செடி சுருண்டுவிட்டது என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அவர் மோட்டாரைக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நம்பர் ஓடுறதுக்குப் போட்டது ரொம்ப லைட் வெயிட் ப்ளகின்ணே," என்றார் வெப்சைட் செய்தவர். "பக்கத்துக்குப் பாரமே தெரியாது."

"பாரம் அவருக்கு, தம்பி."

"ரெண்டு செகண்டு பொறுத்திருந்தா நம்பர் நின்னுருக்குமே."

"வயலு காயுறவரு உன் ஆட்டம் முடியிற வரைக்கும் எதுக்குப் பொறுக்கணும்?"

சிரித்தார். "நீங்க மோட்டார் மெக்கானிக்கு. இது டிசைன்ணே."

"எது சுத்தணும், எது நிக்கணும்னு எனக்குத் தெரியும். எடுத்துடு."

"படத்தையாவது விடுங்கண்ணே."

"எடு."

எடுத்தார். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது. எனக்குக் கோபம் அப்போதுதான் அதிகமானது. இத்தனை சுலபமாக எடுக்கக் கூடிய ஒன்றுக்காக ஒரு வயல் ஆறு நாள் காய்ந்திருக்கிறது.

அந்த வாரமே முகையூருக்குப் போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. செடி பாதி நிமிர்ந்திருந்தது. மீதி நிமிராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டார்ட்டர் பெட்டி மேல் என் நம்பரைப் பெயின்ட்டால் எழுதினேன். பெயின்ட் காயும் முன்னே அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் அழுத்தினார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்.