அந்தப் பாதி வரி

“அவ நாக்கு அழுவிப் போவணும். எழுதிக்கினியா?”

“எழுதிட்டேன்க்கா.”

“நான் சொன்னா மாரியேவா?”

“அப்படியேதான்.”

பொய் சொன்னேன். ‘அவர் பேசிய சொற்கள் என் மனத்தை மிகவும் புண்படுத்தின’ என்றுதான் நோட்டில் எழுதியிருந்தேன். கன்னியர் மடத்தில் படிக்கப்போகும் நோட்டு அது. நாக்கு அழுகுவதை எப்படி எழுதுவது?

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீடு தாயம்மா அக்காவுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் காலர் தைத்தவர். ஒருநாள் ஒரு காலர் கட்டு காணாமல் போனது. “தாயம்மா எடுத்தத நான் பாத்தேன்” என்றாள் பக்கத்து மிஷின் ஷோபனா. கேட்டில் எல்லார் முன்னாலும் அக்காவின் பையைக் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பாதான் உருண்டது. ஆனாலும் வேலை போயிற்று. அடுத்த வாரம் அந்தக் கட்டு ஷோபனாவின் மிஷினுக்கு அடியிலேயே கிடைத்தது. யாரும் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஷோபனாவும் எங்கள் கோயில்தான். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பவள்.

பங்குச் சாமியார், “அவள மன்னிச்சிடும்மா” என்று சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் ஜெபிக்கச் சொன்னார். ஒரு ஜெபவீட்டில், அக்காவுக்குள் பிசாசு இருப்பதாகச் சொன்னார்கள். “பிசாசு காலர் மிஷின்ல குந்திகினு கீது, என்னாண்ட இன்னா தேடறீங்க?” என்று கேட்டுவிட்டு அக்கா வந்துவிட்டார். கடைசியில் ஒரு தியானக் கூட்டத்தில் சிஸ்டர் ரோஷினி கிடைத்தார். பூந்தமல்லி மடத்தில் ஆன்ம வழிகாட்டி. அக்காவைவிட இருபது வயது சின்னவர். மாதம் ஒருமுறை வரச் சொன்னார். நடுவில் சாமியிடம் பேசுவதை எழுதிவரச் சொன்னார். அக்காவுக்கு எழுத வராது. அதனால் நான்.

என் முதல் பக்கத்தைப் படித்ததும் சிஸ்டர் கேட்டார்: “தாயம்மா, நீங்க இவ்ளோ அழகாவா கோவப்படுவீங்க?”

அக்கா, துணைக்குப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். “இன்னாமா எழுதின?”

அன்றிலிருந்து அழுகுவதும் புழுப்பதும் அப்படியே நோட்டில் ஏறின. சிஸ்டர் எல்லாவற்றையும் படிப்பார். மன்னிக்கச் சொன்னதே இல்லை. “இதுக்கு சாமி என்ன சொன்னாரு?” என்று மட்டும் கேட்பார்.

“கம்முனு கீறாரு.”

“சரி, இன்னும் சொல்லுங்க.”

எங்கள் கோயில் திருவிழாவுக்கு முந்தைய மாதம் அக்கா தன் திட்டத்தைச் சொன்னார். ஷோபனா வாசகம் படிக்கும்போது எழுந்து, ‘எந்தக் கண்ணால பாத்த?’ என்று கேட்கப்போகிறார். சிஸ்டர் தடுக்கவில்லை. “எந்திரிச்சதும் ஒரு மூச்சு நின்னு அவங்க முகத்தப் பாருங்க. அப்புறமும் கேக்கணும்னா கேளுங்க.”

திருவிழா அன்று அக்கா எழுந்தார். மைக்கில் ஷோபனாவின் குரல் தடுமாறி, ஒரே வரியை இரண்டு முறை படித்து, நின்றது. அவள் விரல் பக்கத்தில் வரியைத் தேடியது என் இடத்திலிருந்தே தெரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு அக்கா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்.

“பயந்துட்டா,” என்றார் மெதுவாக. “இது போதாது. ஆனா இன்னிக்கு இது போதும்.”

பூசையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரலோக மந்திரம் வந்தது. தீமை செய்தவர்களை நாங்களும் மன்னிக்கிறோம் என்கிற பாதி வரி வந்தால், வேலை போன நாளிலிருந்து அக்கா வாயை மூடிக்கொள்வார். அதைச் சொன்னால் பொய், சாமியிடம் பொய் சொல்லக் கூடாது. அன்று அந்த வரிக்குச் சற்று முன்னால் என் கையைத் தொட்டார்.

“இந்தப் பாதிய மட்டும் எனக்கும் சேத்து நீயே சொல்லிடுமா. சத்தமா வேணாம். அவ காதுல உயுந்துடப் போவுது.”