அறைக்குள் யானையும் பதினொரு கையெழுத்தும்

ஆஸ்திரேலியாவில், பிளாக்டவுனில் ஒரு சமூக நிலையத்தின் மாடியறையில் நான் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினான்கு வருடம் இதே ஆங்கிலத்தைப் படிப்பித்துவிட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். வந்து முதல் ஆறு வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தேன். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு எனக்கு வெறும் வேலை அல்ல. மறுபடியும் என்னை ஆட்கள் ‘ரீச்சர்’ என்று கூப்பிட்ட இடம் அது. அதை இழக்க நான் தயாராக இருக்கவில்லை.

வகுப்பில் பதினொரு பேர், எல்லாரும் சீன மொழி பேசுகிறவர்கள். பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். முதல் வாரமே தங்களுக்குள் ஒரு மொனிற்றரைத் தெரிவுசெய்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற பொறியியலாளர். பலகை துடைப்பது, வராதவருக்குப் போன் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. எங்களை மேற்பார்வை செய்த வெள்ளைக்காரப் பெண்மணி, “உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள், இங்கே அதுதான் முறை” என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் பழக்கவில்லை. படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்கு வாய் வராது, எனக்கும் அந்த மரியாதை வேண்டியிருந்தது. செப்டெம்பரில் அவர்களுடைய ஆசிரியர் தினத்துக்கு ஒரு பெட்டி தோடம்பழம் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். அதைப் படமெடுத்து ஊர் உலகம் முழுக்க அனுப்பினேன். அவ்வளவு பெருமை!

அடுத்த மாதம் விலங்குகள் வரும் சொலவடைகளுக்கு வந்தோம். வகுப்பில் பேசியதெல்லாம் ஆங்கிலம், இங்கே தமிழில் எழுதுகிறேன். ‘அறைக்குள் யானை’ என்று பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு யானையும் கீறினேன். பன்றி என்று ஒருவர் சொன்னார். தும்பிக்கையை நீட்டினேன்.

“எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய விஷயம், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதுதான் அறைக்குள் யானை” என்றேன்.

“அதை யார் உள்ளே கொண்டுவந்தது?” என்று மொனிற்றர் கேட்டார். பொறியியலாளர் அல்லவா, வாசல் அகலம் காணாது என்பது அவருடைய கவலை.

நான் உதாரணம் சொன்னேன். ஒரு வீட்டில் தகப்பன் குடிக்கிறார், மனைவிக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். முன்வரிசைப் பெண் முகம் சுளித்தார். “அது யானை இல்லை ரீச்சர், அது நல்ல பழக்கம். தகப்பனை எப்படி அவமானப்படுத்துவது?” பத்துத் தலைகள் ஆடின. உண்மையைச் சொன்னால் என் தலையும் ஆடப் பார்த்தது. எங்கள் வீடுகளிலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கறி நல்லாயிருக்கு என்றுதானே சாப்பிடுகிறோம். ஆனால் நான் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கச் சம்பளம் வாங்குகிறவள். சொல்லாமல் விட்டால் யானை வளரும், யாராவது ஒருவர் துணிந்து சொல்லத்தான் வேண்டும் என்று பிரசங்கம் வைத்தேன். பிறகு, ஆளுக்கொரு யானையைத் தங்கள் வாழ்க்கையிலிருந்தே எழுதச் சொன்னேன்.

மகனும் மருமகளும் வேறு வேறு அறையில் படுப்பதை ஒருவர் வாசித்தார். திரும்பச் சீனாவுக்குப் போக விருப்பம் என்பதை மகளிடம் சொல்லாமலிருப்பதை இன்னொருவர் வாசித்தார். கடைசியாக எழும்பினவர் வகுப்பில் மூத்தவர், எழுபது வயது இருக்கும். ஒருநாளும் வீட்டுப்பாடம் பிழைக்காத மனுசி. கடதாசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“எங்கள் வகுப்பில் ஒரு யானை இருக்கிறது. ரீச்சருக்கு மட்டும் தெரியாது.”

நான் திருத்தினேன். அதுதான் பழக்கதோஷம். “ஒருவருக்குத் தெரியாவிட்டால் அது இரகசியம். எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் யானை.”

“சரி. இப்போது ரீச்சருக்கும் சொல்கிறேன்” என்றார். “நாங்கள் ஒஃபிசுக்குக் கடிதம் கொடுத்தோம். ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசுகிற ரீச்சர் வேண்டும் என்று கேட்டோம். பதினொரு பேரும் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன்.”

மொனிற்றர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கொண்டு திரிந்தவர் அவர்தான் என்பது அந்தப் பார்வையிலேயே விளங்கியது. அவர் நீட்டும்போது மாட்டேன் என்றால் அவர் முகம் என்னாவது? அதனால் எல்லாரும் வைத்திருப்பார்கள். அது எனக்கு நன்றாகவே விளங்கியது, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் வைப்போம். ஆனால் விளங்கியதால் நோவு குறையவில்லை. “வசனம் சரி, நன்றி” என்று சொல்லி மூத்தவரை இருத்தினேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் போனேன். கடிதம் வந்து ஏழு வாரமாம். கணக்குப் பார்த்தால் தோடம்பழத்துக்கு முந்தின வாரம்! அவ்வளவு நாளும் என்னோடு அவர் தேநீர் குடித்து, சிரித்து, பிள்ளைகளை விசாரித்திருக்கிறார். “அவர்களுக்கு உங்கள்மேல் மிகுந்த மரியாதை. காதுக்குப் பழக்கமில்லாத உச்சரிப்பு, அவ்வளவுதான். நேர அட்டவணை மாறுகிறது என்று சொல்லலாமென இருந்தேன்” என்றார். வெள்ளிக்கிழமைகளில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறவர்களின் வகுப்பு ஒன்று இருக்கிறதாம், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாதாம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கே உறைத்தது. நான் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டேன். ரோசப்பட்டு விட்டெறிய எனக்கு வேறு வகுப்பு இருக்கவில்லை.

வீட்டில் வந்து அந்த மூத்த மனுசியைத்தான் திட்டினேன், மற்றப் பத்துப் பேரையும் அல்ல.

“நீர் ஏன் அந்த மனுசியைப் பேசுறீர்? உண்மையைச் சொன்னது அவ ஒராள்தானே” என்றார் கணவர்.

“அவ சொல்லாம இருந்திருக்கலாம்.”

“சொல்லத்தான் வேணுமெண்டு நீர்தானே படிப்பிச்சனீர்.”

“ஓம், நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சுக் குடுங்கோ” என்று கத்திவிட்டுக் குசினிக்குள் போனேன். அங்கே நின்றபோதுதான் எனக்கு நார்த்மீட் என்ற ஊரில் இருந்த ஒரு ரீச்சரின் ஞாபகம் வந்தது. வேண்டாத ஞாபகம்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் ஆங்கில ரியூஷனுக்கு அவரிடம்தான் விட்டேன். கொழும்பில் படிப்பித்தவர், கராஜுக்குள் நாலு கதிரை போட்டு வகுப்பு வைத்தார். மகள் நன்றாகத்தான் படித்தாள். ஆனால் அவள் அவரைப்போல, அதாவது என்னைப்போல, பேசத் தொடங்கியது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தவணையோடு நிற்பாட்டி ஒரு வெள்ளைக்காரியிடம் மாற்றினேன். நார்த்மீட்டுக்குப் போய், “அந்த நேரம் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு வைச்சிட்டினம், ரீச்சர்” என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “ஓம் ஓம், பிள்ளையள் நீந்தத் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்” என்று சொல்லி, திருத்தி முடித்த கொப்பியை என் கையில் தந்தார்.

மகளுக்கு இப்போது இருபத்திமூன்று வயது. இன்றுவரை நீந்தத் தெரியாது.