கடலடி மலையும் உலகநாதன் வரப்பும்

பாகூரில் உலகநாதனைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடவும் மாட்டார். நாலு காணி நஞ்சை, ஒரு கறுப்புக் கோட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை பிரெஞ்சு. இவற்றை வைத்துக்கொண்டு ஊரையே அதட்டிக்கொண்டிருந்தார்.

சேரிப் பெண்கள் கிணற்றுக்கு அவருடைய வரப்பு வழியாகத்தான் போய்வருவார்கள். அந்த வருஷம் நடவு முடிந்த கையோடு வரப்பின் இரண்டு முனையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். பெண்கள் குடமும் இடுப்புமாகச் சேற்றில் சுற்றிக்கொண்டு போனார்கள். குடிக்கிற தண்ணீருக்கு முள் போடுகிற மனசு என்ன மனசோ!

"இது நாங்க போற வழிங்களே" என்று கேட்டவர்களுக்கு அவரிடம் விஞ்ஞானம் தயாராக இருந்தது. கடலாராய்ச்சிக் கப்பலில் வந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ஒருவர் புதுச்சேரியில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"கடலுக்கடியில மலை ஒண்ணு வரப்பாட்டம் நெடுக ஓடுதுபா. இந்தப் பள்ளத்துப் பிராணி அதத் தாண்டி அந்தப் பள்ளத்துக்குப் போவாதாம். மீனுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லியே!"

உண்மையில் அவர் கேட்டது முதல் பாதியைத்தான். மின்விசிறிக் காற்றில் பிற்பாதி முழுக்கத் தூங்கிவிட்டார்.

ஏரிப் பறவைகளைப் பார்க்கப் பேராசிரியர் பாகூருக்கே வந்தபோது உலகநாதன் விடுவாரா? ஊரையும் சேரியையும் வயலோரம் கூட்டி, மொழிபெயர்க்கத் தானே நின்றார். பேராசிரியர் பள்ளத்துப் பிராணிகளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "ஆனால்" என்றார். மலையின் மேலேயே வாழும் பவளம், நண்டு, நட்சத்திர மீனுக்கெல்லாம் அந்த மலைதான் பாதை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் அதன் வழியாகவே பரவுகின்றன.

உலகநாதன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னா சொல்றாருங்க?" என்று கேட்டார் கூலியாள் முத்துசாமி.

"அதேதான். தாண்டாதாம்."

கூட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. புரியவில்லை போலும் என்று நினைத்த பேராசிரியர், செய்தே காட்டிவிடலாம் என்று பூட்ஸ் காலால் முள்ளை ஒதுக்கி, உலகநாதன் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறினார். மறுமுனையில் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த சேரிப் பெண் ரோசம்மாள், இந்தப் பக்கம் வழி விட்டதைப் பார்த்து, அங்கிருந்த முள்ளைத் தள்ளிவிட்டு அவளும் ஏறிவிட்டாள். வரப்போ ஒற்றையாள் அகலம். எதிரும் புதிருமாக நின்றார்கள். இறங்கப்போவது அவள்தான் என்று உலகநாதனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் கண்ணில் ஒரு நண்டு வளை பட்டது. ரோசம்மாளை அவர் கவனிக்கவே இல்லை. பிள்ளை மாதிரி குதூகலித்து, பிடித்த கையை விடாமல் சேற்றில் குதித்தார். மொழிபெயர்ப்பும் கூடவே முழங்கால் சேற்றில் இறங்கியது.

நண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் மறுபடியும் பேசினார். கை மட்டும் வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வந்தது. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் அது விளங்கிவிட்டது. எல்லோரும் உலகநாதனின் வாயையே பார்த்தார்கள்.

"இன்னாங்க சொல்றாரு?" என்றாள் ரோசம்மாள், மேலே இருந்து.

"இது... போற வழின்னு சொல்றாரு."

"அதத்தானே நாங்க தமிழ்ல சொன்னோம்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.