இடது உள்ளங்கால், சனிக்கிழமை மாலை 5.40

சிவப்பு மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆய்வகத்தில் கேட்டு வாங்கிவந்தது. லேபிளில் அக்காள் கணவரின் பெயர், வயது, இடது உள்ளங்கால், சனிக்கிழமை மாலை 5.40 என்று என் கையெழுத்து. எதையும் நாள், நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம்.

மாமா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். உள்ளங்காலில் கொண்டைக்கடலை அளவில் சிவப்பாக ஒன்று முளைத்தபோது, கால் ஆணி என்று பிளேடால் சீவினார். ரத்தம் எளிதில் நிற்கவில்லை. சீவச் சீவ வளர்ந்தது. மூன்றாம் முறை சீவியதை டைரியில் எழுதிய அன்றுதான் பயம் வந்து, ராயபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அவரை இழுத்துப் போனேன்.

"ஆணி மாதிரி தெரியலை. வேர்வைச் சுரப்பிக் கட்டியா இருக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. சிலது புற்றுநோயா இருக்கும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மாள்.

"வேர்வைக்குக் கட்டியா? அப்ப மணலி கம்பெனில நாள் பூரா வேர்க்கிறவனுக்கெல்லாம் உடம்பு பூரா மொளைக்கணுமே டாக்டர்!" மாமா சிரித்தார்.

மருத்துவர் துருத்தியிருந்ததை வெட்டி, சதை கெடாமல் காக்கும், நெடியடிக்கிற ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போட்டுக் கொடுத்தார். ஆய்வகம் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும் என்பதால் மாமா வீட்டுக்கு எடுத்துப்போனார். திங்கள் காலை என்னிடம் தந்தபோது குப்பி ஈரமாக இருந்தது. லேபிளில் மை கலைந்திருந்தது. டைரியோடு ஒப்பிட்டுப் புது லேபிள் எழுதி ஒட்டி, நானே ஆய்வகத்தில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அங்கிருந்து அழைத்தார்கள். செல்களெல்லாம் உடைந்துகிடக்கின்றன, எதுவும் சொல்ல முடியாது, ஃபார்மலினில்தானே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். மாமாவைப் பார்த்தேன்.

"அது மீனுல ஊத்துற வெஷம் மச்சான். அதை ஊத்துறவனை ஏலத்துலேர்ந்து நானே தொரத்திகினு கீறேன். என் சதைக்கு ஊத்துவேனா? அதைக் கீழ கவுத்துட்டு, உப்பு போட்ட ஐஸுல வெச்சேன். கெடாம இருக்கும்னுதான்."

"அது இன்னா வஞ்சிரமா? உன் காலுய்யா!" அக்காள் கத்திவிட்டு அழுதாள்.

உப்பும் ஐஸும் சேர்ந்து துண்டை உறையவைத்து, செல்களைக் கிழித்துவிட்டன. கட்டி இருந்த இடத்தை ஆழமாகவும் அகலமாகவும் மறுபடி வெட்டினார்கள். இரண்டாவது குப்பியை நானே கையில் பிடித்தபடி ஆய்வகத்துக்குப் போனேன். முடிவு வர ஒன்பது நாள். அந்த நாட்களில் மாமா வேட்டிக்கு மேலாகத் தொடை இடுக்கை அழுத்தி அழுத்திப் பார்ப்பார், புற்று பரவி அங்கே நெறி கட்டியிருக்கிறதா என்று. நான் பார்த்தால் கையை எடுத்துவிடுவார்.

வேர்வைக் குழாயில் வந்த கட்டிதான், புற்றுநோய் இல்லை, ஓரங்களில் மிச்சமும் இல்லை என்று வந்தது. அக்காள் சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா மட்டும் கேட்டார்: "அப்ப மொத துண்டுல?"

"அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாதுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார் மருத்துவர்.

நேற்றும் போய்வந்தோம். காலைப் பார்த்து, தொடை இடுக்கை அழுத்தி, நெறி எதுவும் இல்லை என்றார் மருத்துவர். இந்த மூன்று மாதத்துக்கு அது போதும். படியிறங்கும்போது, "தேதி போட்டுக்கினியா மச்சான்?" என்று கேட்டுவிட்டு, இடது காலை லேசாகச் சாய்த்து வைத்தபடி ஏலத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து குப்பியை எடுத்துப் பார்த்தேன். பெயர் சரி, வயது சரி, கால் சரி, நேரம் சரி. அந்தத் திங்கள் காலை ஒருமுறை மூடியைத் திறந்து முகர்ந்திருந்தால் போதும், ஃபார்மலின் நெடி இல்லை என்பது தெரிந்திருக்கும். நான் லேபிளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.