நெடுநெடு, மளமள, மதமத

ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம் நான் கட்டுக்கடங்காமல் வளர்ந்தேன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு வாசல் நிலை தாழ்வானது. ஒருநாள் திடீரென்று நெற்றியில் இடித்தது. அன்றிலிருந்து குனிந்து நுழையப் பழகினேன். தெருவிலும் குனிந்தே நடந்தேன், யார் கண்ணிலும் படக்கூடாதென்று.

படாமல் இருக்குமா? குழாயடியில் குடத்தோடு நின்றால் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். "நெடுநெடுன்னு போறாளே" என்றால் பயமில்லை, அது வெறும் உயரம். "மளமளன்னு வளந்துட்டா" என்பவர்கள் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். "மதமதன்னு நிக்கிறா" என்று யாராவது சொன்னால்தான் குடம் நிறையும் முன்பே கிளம்பிவிடுவேன். அப்படிச் சொல்லப்பட்ட அக்காக்களை அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் காணோம். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

அம்மா மட்டும் "வளந்துட்டா" என்றே சொல்லமாட்டாள், கண் பட்டுவிடுமாம். யார் கேட்டாலும் "ஏதோ இருக்கா" என்பாள். சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வராவிட்டால், "பாத்தியா, எவ்ளோ கண்ணு!" என்று வேறு அங்கலாய்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். வளர்வதென்ன என் கையிலா இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயிலிருந்து அப்பாவின் அக்கா பூவும் புடவையுமாக வந்தாள். முறை மாப்பிள்ளையான அவள் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. அத்தை என்னை நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"மதமதன்னு வளந்து நிக்குது. இன்னும் என்னாத்துக்கு இஸ்கூலு? தையில முடிச்சிடலாம்."

அப்பா தன் அக்கா பேச்சைத் தட்டியதே இல்லை. எனக்குக் கால் பரபரத்தது, ஓடிவிடலாம் போலிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். அம்மா வழக்கம்போல உப்பைத் தேடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அந்தப் புடவையை எடுத்து அத்தையின் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"ஒடம்புதான் வளந்திருக்கு அண்ணி. வயசு பதினாலுதான். டென்த் முடிக்கட்டும், காலேஜ் போகட்டும், இன்னும் நல்லா வளரட்டும். நிலை இடிச்சா, நிலையைப் பேத்து ஒசத்திக் கட்டிக்கிறோம்."

அம்மா வாயால் "வளரட்டும்" என்று கேட்டது அன்றுதான். அத்தையை பஸ் ஏற்றிவிடக் கிளம்பியபோது, குனிய மறந்துபோய் நெற்றியில் நன்றாக இடித்துக்கொண்டேன்.