தடித்துப்போன இரத்தம்

முப்பத்தொரு வயதில் எனக்குக் கூகைக்கட்டு வந்தது. தாடை வீக்கம் ஒரு கிழமையில் வற்றிவிட்டது. விதைகளுக்கு இறங்கிய வீக்கமோ வற்றும்போது அவற்றையும் சுருக்கிவிட்டுப் போனது. போகப்போக முகத்தில் மயிர் குறைந்தது, உடம்பு சோர்ந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அளவெடுப்பது என் வேலை. ஏணியில் பாதி ஏறுவதற்குள் கால் நடுங்கும். கொழும்பில் பார்த்த பெரிய டொக்டர் ஆண் ஹோர்மோன் ஊசி எழுதித் தந்தார், மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு, ஒன்று. மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஊசி வேலை செய்தது. ஆனால் மூன்றாம் கிழமை பிறந்தால் பழைய சோர்வு திரும்பிவிடும். அதைப் பொறுக்கமுடியாமல், டவுனில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரிடம் இடையிலும் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். இதை மனைவிக்கும் மறைத்தேன்.

ஒரு வருடத்தில் முகம் சிவந்து பளபளத்தது. "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்" என்றார் மச்சான். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரித்தது. காலையில் தலை கனத்தது. வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் தாங்கியின் மேல் நின்று அளவு நாடாவை வாசிக்கையில் இடது கண் இருண்டுபோனது. கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். சில நிமிடங்களில் பார்வை வந்தது. இறங்கி வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இரத்தம் சோதித்த பிறகு அங்கிருந்த டொக்டர் என் ஊசிச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உங்கட ரத்தம் தடிச்சுப் போச்சு. இந்த ஊசி சிவப்பணுவைக் கூட்டும்தான். ஆனா மூண்டு கிழமைக்கு ஒண்டெண்டா இவ்வளவுக்கு ஏறியிராது. ஒழுங்காத்தானே போடுறியள்?"

"ஓம்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "ஊசி போடாத கிழமையிலயும் உங்கட காற்சட்டையில ரத்தப் பொட்டுக் கிடந்தது. நான்தானே தோய்க்கிறனான். உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. "இப்பவாவது சொன்னியளே. தடிச்ச ரத்தம் மூளையில அடைச்சா கை கால் ஒரு பக்கம் விழுந்திடும்" என்று மட்டும் சொன்னார்.

கட்டிலில் படுக்கவைத்துத் தடித்த ஊசி ஏற்றி ஒரு போத்தல் இரத்தம் இறக்கினார்கள். கருஞ்சிவப்பாக, மெதுவாக இறங்கியது.

"இதை ஆருக்கும் ஏத்தலாமோ?" என்று தாதியைக் கேட்டேன்.

"ஏலாது ஐயா. கொண்டுபோய்க் கொட்டத்தான் வேணும்."

பஸ்ஸில் வரும்போது மனைவி, "எனக்கேன் மறைச்சனீங்கள்?" என்றாள்.

"களைச்சுப்போய் உனக்கு முன்னால நிக்க வெக்கமா இருந்தது."

"களைச்சா வந்து படுங்கோ. அதுக்கு ஏன் வெக்கம்?" என்றாள்.

அடுத்த மாதம் இன்னொரு போத்தல் இறக்கினார்கள். ஊசி மருந்தைப் பாதியாக்கினார்கள். நான் பிடிக்கும் சிகரெட்டும் இரத்தத்தைத் தடிப்பாக்கும் என்றார் டொக்டர். இடையில் போட்ட ஊசியை நிறுத்தியதைக் காட்டிலும் அதை நிறுத்தத்தான் அதிகம் பாடுபட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பது வழக்கமானது. முகச் சிவப்பு போனது, தலைக்கனமும் போனது. மூன்றாம் கிழமைச் சோர்வு மட்டும் போகவில்லை. அந்த நாட்களில் ஏணி ஏற ஏலாது என்று மேலதிகாரியிடம் போய், காரணத்தையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அந்தக் கிழமைகளில் எனக்குக் கந்தோருக்குள் மேசை வேலை கிடைத்தது.